நடுவில் நிறுத்தலாமா, கூடாதா? வீட்டு ஷெட்டில் கஸ்டம் பெயின்டிங் செய்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: கோவையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் பெயின்டராக இருக்கிறேன். காலை 9 முதல் இரவு 7 வரை வேலை. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் கஸ்டம் வேலை எடுக்கிறேன். காருக்குக் கூரை மட்டும் கறுப்பு, பானெட்டில் கோடு, புல்லட் டேங்குக்கு கேண்டி (அடியில் உள்ள பளபளப்பு தெரியும் கண்ணாடி போன்ற நிறம்) என்று வருகிறது. இந்த வருமானம் இல்லாமல் முடியாது. ஆனால் சொன்ன நாளில் எதுவும் முடிவதில்லை, வீட்டில் வாரம் தவறாமல் சண்டை. மகளுக்கு 6 வயது, மகனுக்கு ஒன்றரை. சில்வர் மெட்டாலிக் பானெட் ஒன்று பேஸ் கோட் (நிறம் தரும் பூச்சு) அடித்து 8 நாளாக அப்படியே நிற்கிறது. வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்: நீங்கள் எத்தனை மணி நேரம் ஷெட்டில் இருக்கிறீர்கள் என்பதைவிட, எப்போது வெளியே வருவீர்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் சண்டைக்குக் காரணமாக இருக்கும். "அரை மணியில் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் 11 மணிக்கு வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? பெயின்ட் வேலையில் இரண்டு வகை உண்டு. பையன் அழுதால் கையைக் கழுவிவிட்டு எழுந்து போகக்கூடியது ஒன்று, எழவே முடியாதது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே மாலையில் போட்டுக் குழப்பாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உப்புத்தாள் போடுவது, பட்டி தேய்ப்பது, பீடிங் (ஓரப் பட்டை) கழற்றுவது, கோடு வரைந்து பார்ப்பது, பேப்பர் ஒட்டுவது, கடைசியில் 2000 நம்பர் உப்புத்தாள் போட்டு பஃபிங் (மெருகேற்றுதல்) செய்வது, இவையெல்லாம் முதல் வகை. பேஸ் கோட்டின் முதல் கையிலிருந்து (ஒரு கை என்றால் ஒரு பூச்சு) அதன் மேல் வரும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியரின் கடைசிக் கை வரை எல்லாம் இரண்டாம் வகை. பேஸ் 3 கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 10 முதல் 15 நிமிடம் காயவிட வேண்டும், பிறகு அரை மணி விட்டு கிளியர் 2 கை. ஸ்ப்ரே கன் கழுவுவதையும் சேர்த்தால் 4 மணி நேரம். ஹார்டனர் (கெட்டிப்படுத்தும் திரவம்) கலந்த கிளியருக்கு டப்பாவில் போட்டிருக்கும் ஆயுள், அதாவது கலந்தபின் அடிக்கும் பதத்தில் இருக்கும் நேரம், 20 டிகிரி வெப்பத்துக்கானது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அது ஏறத்தாழ பாதியாகும். கோடையில் 35 டிகிரியில் கலக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பிள்ளையைத் தூங்கவைக்கப் போனால், திரும்பி வரும்போது கப்பில் இருப்பது கெட்டிப்பட்டிருக்கும், கன்னும் அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டுக் காயும் நேரத்தைக் குறைத்தாலும் தப்ப முடியாது. உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் பிறகு வெளியே வரும்போது ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாகக் கொப்பளிக்கும்.

உங்கள் சில்வர் பானெட்டும் இந்தச் சங்கிலி நடுவில் அறுந்ததால் நிற்பதுதான். பேஸ் கோட்டை அன்றைக்கே கிளியரால் மூடிவிட வேண்டும், 24 மணி நேரம் தாண்டக்கூடாது. 8 நாளான பேஸின் மேல் இப்போது கிளியர் அடித்தால், சில மாதத்தில் அது தோலாக உரியலாம். பானெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கிரீஸ் ரிமூவரால் துடைத்துவிட்டு 800 நம்பர் வாட்டர் பேப்பரில் லேசாகத் தேயுங்கள். மெட்டாலிக்கைத் தேய்த்துவிட்டு நேராகக் கிளியர் அடித்தால் அலுமினியத் துகள் கலைந்து திட்டுத்திட்டாகத் தெரியும், அதனால் பேஸை மறுபடி 2 கை அடித்துவிட்டு, அதே காலையில் கிளியரையும் முடித்துவிடுங்கள்.

எந்தக் கட்டத்தில் விட்டுவிட்டுப் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டால் வார நாள்களும் பயன்படும். டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கும் வகை) பிரைமர் சர்ஃபேசர், அதாவது பேஸுக்கு அடியில் வரும் பூச்சு, அடித்த பிறகு ஒரு வாரம் ஆனாலும் கவலை இல்லை, எப்படியும் பேஸுக்கு முன் 400, 500 நம்பரில் தேய்க்கத்தான் போகிறீர்கள். வெறும் தகரத்தை மட்டும் ஒரு ராத்திரிகூட விடாதீர்கள், மழைக்காலக் காற்றில் காலைக்குள் துரு பூத்துவிடும். பட்டியும் அப்படித்தான். அது தண்ணீரை இழுக்கும் என்பதால் உலர்வாகத் தேய்த்து, அன்றைக்கே பிரைமரால் மூடுங்கள். மாஸ்க்கிங் டேப்பை ஒட்டிவிட்டு அடுத்த ஞாயிறு வரை விட்டால் பசை பெயின்டில் தங்கிவிடும். அதைச் சுத்தம் செய்யவே ஒரு மாலை போய்விடும்.

ஒரு ஹேட்ச்பேக்கின் கூரையை எடுத்துக்கொள்வோம். கம்பெனி பெயின்ட் நல்ல நிலையில் இருந்தால் பிரைமர் தேவையில்லை. ஆன்டெனா, ஓரப் பீடிங் கழற்றி 600, பிறகு 800 நம்பரில் தேய்க்க 3 மணி நேரம். டேப், பேப்பர், பிளாஸ்டிக் ஷீட் போட ஒன்றரை மணி. அடிக்க 4 மணி. தூசி எடுத்துப் பஃபிங் செய்ய 2 அல்லது 3 மணி. ஆகப் பதினொன்றரை மணி நேரம். செவ்வாய், வியாழன் இரவுகளில் ஒன்றரை மணி வீதம் தேய்ப்பு. சனி இரவு மாஸ்க்கிங். ஞாயிறு காலை அடிப்பு. அடுத்த செவ்வாய், வியாழன் பஃபிங். வாடிக்கையாளரிடம் 4 நாளில் தருவதாகச் சொல்லாமல், 10 நாள் ஆகும் என்று சொல்லுங்கள். திங்கள், புதன், வெள்ளி இரவுகள் முழுக்க வீட்டுக்கே. முதல் வண்டி வெளியே போகும்வரை இரண்டாவது வண்டி உள்ளே வரக்கூடாது.

ராத்திரி அடிக்கவே அடிக்காதீர்கள். கம்ப்ரசர் சத்தத்தில் குழந்தை எழும், பக்கத்து வீட்டுக்காரரும் எழுவார். டியூப்லைட்டுக்கு வரும் பூச்சியெல்லாம் ஈரமான கிளியரில் விழும், ஈசல் காலத்தில் சொல்லவே வேண்டாம். விடியற்காலை 5 மணியும் சரிவராது, அப்போது தகரத்தில் பனி இறங்கியிருக்கும். ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் ஓடும் 2 எச்பி கம்ப்ரசர் நிமிடத்துக்கு 6 முதல் 8 கன அடி காற்றுதான் தரும். அதில் அதிகக் காற்று இழுக்கும் எச்விஎல்பி கன் போட்டால் பாதிக் கூரையில் அழுத்தம் இறங்கி, பெயின்ட் ஆரஞ்சுத் தோல் போல் மேடுபள்ளமாக வரும். குறைந்த காற்றில் ஓடும் எல்விஎல்பி கன் உங்களுக்குப் பொருந்தும்.

இனிச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். டூ-கே கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. பெயின்டர்களுக்கு வரும் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு இது பெரிய காரணம். கெடுதல் செய்யும் அளவில் காற்றில் கலந்திருந்தாலும் அதன் வாசனை மூக்குக்குத் தெரியாது. "வாடை போயிடுச்சு, உள்ளே வரலாம்" என்ற கணக்கு தின்னருக்குச் சரி, ஹார்டனருக்கு ஆகாது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலே மூச்சு இழுக்கும், பகல் வேலையையும் சேர்த்து விட வேண்டி வரும். துண்டு கட்டுவது எதற்கும் உதவாது. கரி ஃபில்டர் மாஸ்க் எப்போது நிறைந்தது என்று வாசனையை வைத்து அறிய முடியாது. சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் மாஸ்க்தான் சரியான பாதுகாப்பு. அந்தக் காற்றை எண்ணெய் போட்டு ஓடும் சாதாரண கம்ப்ரசரிலிருந்து நேராக எடுக்கக்கூடாது.

வீட்டை ஒட்டிய ஷெட்டில், ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும்போது டூ-கே கிளியர் அடிப்பதை நிறுத்துங்கள் என்பதே எங்கள் தெளிவான கருத்து. தேய்ப்பும் மாஸ்க்கிங்கும் வீட்டில் இருக்கட்டும். அடிக்க மட்டும் ஞாயிறு காலை ஒரு பெயின்ட் பூத்தை (பெயின்ட் அடிக்கவே அமைத்த மூடிய அறையை) அரை நாள் வாடகைக்குப் பேசுங்கள். பூத்தில் தூசி குறைவு, 60 டிகிரியில் அரை மணி பேக் செய்தால் அன்றைக்கே வண்டியைத் தொடலாம். வாடகையை வாடிக்கையாளர் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அங்கேயே உடை மாற்றி, குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

வீட்டில் தேய்க்கும்போதும் பழைய வண்டி என்றால் கவனம் வேண்டும். ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு போட்ட 2016ஆம் ஆண்டு விதி வீட்டுப் பெயின்டுக்கானது, வண்டிப் பெயின்ட் அதில் வராது. பழைய மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு பெயின்டுகளில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். வழிந்த சேற்றைப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் ஓடவிடாமல் வாளியில் பிடியுங்கள்.

சில்லறையில் வாங்கும் தின்னரைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். தவழும் குழந்தைக்கு அது தண்ணீர்தான். இரண்டு வாய் போய் நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஏதும் நடந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். அடுப்பும் சாமி விளக்கும் எரியும் பக்கத்தில் டப்பாவைத் திறக்காதீர்கள்.

வீட்டிலிருந்து பெயின்டுக்கு வரும் கெடுதலும் உண்டு. தலையில் தடவிய எண்ணெய், முடிக்குப் போடும் சீரம், ஜன்னல் வழியே வரும் தாளிப்புப் புகை எல்லாம் பேனலில் படியும். பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன்கண் மாதிரி குழி குழியாக விலகும். அப்படி ஒரு கூரையை மறுபடி தேய்த்து அடித்தால் 6 மணி நேரம் கூடுதல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கூலி 8,000 ரூபாய், பொருள் 3,000, பூத் வாடகை 1,500 என்று வைத்தால் கையில் நிற்பது 3,500. பதினொன்றரை மணி நேரத்துக்கு மணிக்குச் சுமார் 300 ரூபாய். மறுவேலை வந்தால் நேரம் பதினேழரை ஆகும். பொருளும் வாடகையும் இன்னொரு முறை போனால் 4,500 கூடுதல் செலவு, லாபம் போய்க் கைக்காசு போகும். மாதத்துக்கு ஐந்தாறு வண்டியை அவசரமாக முடிப்பதைவிட, கூலியைக் கொஞ்சம் ஏற்றி மூன்றை ஒழுங்காகச் செய்வதுதான் வருமானம்.

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன்னால் எல்லோரும் வண்டியைக் கொண்டுவருவார்கள். வடகிழக்கு மழையும் அப்போதுதான், பிள்ளைகள் உங்களைத் தேடுவதும் அப்போதுதான். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே புது வேலையை நிறுத்துங்கள். ஈரக் காற்றில் ஃபாஸ்ட் தின்னர் போட்டால் வெள்ளை பூத்த மாதிரி மங்கும், ஸ்லோ தின்னர் போட்டால் காய நேரம் பிடிக்கும். எது செய்தாலும் தேதி தள்ளும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் மனைவியிடம் கேளுங்கள். அந்த ஞாயிறு கல்யாணமா, காதுகுத்தா, மகளுக்குப் பள்ளியில் ஏதாவதா என்று அவருக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர் போனை இரவு எட்டரைக்கு மேல் எடுப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சட்டம் பற்றியும் கொஞ்சம். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தினால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126இன் கீழ் இரட்டிப்புக் கட்டணம் விதிக்கலாம். கம்ப்ரசர் அடிக்கடி ஓடுமானால் தனி இணைப்பு வாங்குங்கள். முழு வண்டியின் நிறத்தை மாற்றுவதென்றால், ஆர்சியில் நிறம் பதிவாகியிருப்பதால், உரிமையாளர் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி பெற்றுக் காட்டட்டும், பிறகு உப்புத்தாளை எடுங்கள். புல்லட்டுக்கும் ஜீப்புக்கும் ராணுவப் பச்சை கேட்டு வருவார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121 அந்த ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. எவ்வளவு கூலி தருவதாகச் சொன்னாலும் அந்த வேலையை எடுக்காதீர்கள்.