தமிழில் பெயர் வைத்த ஃபீல்டும் 400 பிழையும்

கேள்வி: எங்கள் நூற்பாலைக்கு மூன்று யூனிட்கள். ஷேர்பாயிண்டில் (அலுவலகத் தகவல்களைப் பகிரும் மைக்ரோசாஃப்ட் தளம்) ஒவ்வொன்றுக்கும் தனி சைட், மூன்றிலும் ‘இயந்திரப் பழுது’ என்று ஒரே மாதிரி லிஸ்ட். சூப்பர்வைசர்கள் படிக்க வசதியாக ஃபீல்டு பெயர்களைத் தமிழிலேயே வைத்தேன். படிவத்தை நிரப்பியதும் பவர் ஆட்டோமேட் (வேலைகளைத் தானாகச் செய்யும் மைக்ரோசாஃப்ட் சேவை) அந்தந்த யூனிட்டின் லிஸ்ட்டில் பதிவைச் சேர்க்க வேண்டும். எச்டிடிபி ரிக்வெஸ்ட் ஆக்‌ஷனில் போஸ்ட் (புதுப் பதிவைச் சேர்க்கும் கட்டளை) கொடுத்தால், ‘பழுது வகை’ என்ற பிராப்பர்ட்டியே இல்லை என்று 400 பிழை வருகிறது. லிஸ்ட்டைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கிறது! தமிழை விட்டுவிட வேண்டியதுதானா மேடம்?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: விடவே வேண்டாம். தமிழில் வைத்தது தப்பே இல்லை, வைத்த நேரம்தான் இடிக்கிறது.

ஷேர்பாயிண்டில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் இரண்டு பெயர். திரையில் தெரிவது வெளிப்பெயர். முதன்முதலில் சேமிக்கும்போது அதிலிருந்து ஓர் உட்பெயர் உருவாகிவிடும். அதன்பின் வெளிப்பெயரை எத்தனை முறை மாற்றினாலும் உட்பெயர் மாறாது. வெப் சர்வீஸ் அழைப்புக்கு (நீங்கள் எச்டிடிபி வழியாக அனுப்புவது) உட்பெயர்தான் தெரியும்.

இப்போது ‘பழுது வகை’யை எடுத்துக்கொள்வோம். உட்பெயரில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு குறியும் ஏழு எழுத்தாக விரியும்: ஓர் அடிக்கோடு, ஓர் எக்ஸ், யூனிகோடு எண்ணின் நான்கு இலக்கங்கள், மறுபடி ஓர் அடிக்கோடு. ‘பழுது’ நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ ப, ழ, உகரக் குறி, த, மறுபடி உகரக் குறி என்று ஐந்து. ஐயேழு முப்பத்தைந்து. உட்பெயருக்கு 32 எழுத்துகள்தான் இடம் என்பதால் ‘பழுது’ முடிவதற்குள்ளேயே வெட்டு விழுந்துவிடுகிறது. ‘வகை’ உள்ளேயே போகவில்லை. ‘பழுது நேரம்’ என்று இன்னொரு ஃபீல்டு வைத்திருந்தால் அதுவும் அதே இடத்தில்தான் வெட்டுப்படும். இரண்டுக்கும் கடைசியில் ஒட்டும் ஓர் எண்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு, அடிக்கோட்டில் தொடங்கும் உட்பெயரின் முன்னால் ‘ஓடேட்டா’ என்ற சொல்லும் ஓர் அடிக்கோடும் சேர்த்தால்தான் அழைப்பு ஏற்றுக்கொள்ளும். இதையெல்லாம் யார் ஊகிக்க முடியும்?

அதனால் ஊகிக்காதீர்கள், லிஸ்ட்டிடமே கேளுங்கள். அதே ஆக்‌ஷனில் போஸ்ட்டுக்குப் பதில் கெட் (தகவலைக் கேட்டு வாங்கும் கட்டளை) வைத்து, லிஸ்ட்டின் முகவரியோடு ‘ஃபீல்ட்ஸ்’ சேர்த்து ஒரு முறை ஓட்டுங்கள். வரும் பதிலில் ‘டைட்டில்’ என்பது நீங்கள் வைத்த தமிழ்ப் பெயர். அதே இடத்தில் ‘என்டிட்டி பிராப்பர்ட்டி நேம்’ என்று ஒன்று இருக்கும். போஸ்ட்டின் பாடியில் (அனுப்பும் தகவல் பகுதி) எழுத வேண்டியது அதைத்தான், எழுத்துப் பிசகாமல். நான் எந்த லிஸ்ட்டில் கை வைத்தாலும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுவேன். பத்து நிமிடம்கூட ஆகாது.

லிஸ்ட்டில் இன்னும் பதிவுகள் ஏறவில்லையென்றால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அந்த ஃபீல்டுகளை நீக்கிவிட்டு, சின்னதாக, இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயரில் மறுபடி உருவாக்கிச் சேமியுங்கள். அப்புறம் திரும்பிப் போய்ப் பெயரைத் தமிழுக்கு மாற்றுங்கள். சூப்பர்வைசர்கள் பார்ப்பது ‘பழுது வகை’, ஃப்ளோ (பவர் ஆட்டோமேட்டில் நீங்கள் கட்டியது) பார்ப்பது அந்தச் சின்ன ஆங்கிலப் பெயர். லிஸ்ட்டுக்கும் இதேபோல் செய்யுங்கள். அழைப்பிலும் லிஸ்ட்டைத் தலைப்பைச் சொல்லித் தேடாமல், அதன் முகவரியைக் கொடுத்து எடுங்கள். நாளை யாராவது தலைப்பில் ஒரு புள்ளியை மாற்றினால்கூட ஃப்ளோ நிற்காது.

அழைப்பின் ஹெடரில் (தலைப்புக் குறிப்புகள்) அக்செப்ட், கன்டென்ட் டைப் இரண்டிலும் ‘நோமெட்டாடேட்டா’ வகையைக் கொடுத்துவிட்டால் பாடியில் பதிவின் டைப் பெயரை எழுதும் தொல்லையும் இல்லை. சரியாகப் போனால் 201 என்று பதில் வரும், கூடவே புதுப் பதிவின் ஐடி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பழுதை யார் பார்க்க வேண்டும் என்று ஆள் பெயர் ஃபீல்டு ஒன்று நிச்சயம் வைத்திருப்பீர்கள். அதற்குப் பெயரையோ மின்னஞ்சலையோ அனுப்பினால் எடுக்காது. ஃபீல்டின் பெயரோடு ‘ஐடி’ என்று ஒட்டி, ஓர் எண்ணைத் தர வேண்டும். அந்த எண் சைட்டுக்கு சைட் வேறு. முதல் யூனிட்டில் 14 ஆக இருப்பவர் இரண்டாவதில் 31 ஆக இருக்கலாம், அங்கே 14 வேறு யாரோ. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு சைட்டின் எண்ணை அப்படியே இன்னொன்றுக்கும் போட்டுவிட்டேன். பிழை எதுவும் வரவில்லை, பதிவும் ஏறியது. பாய்லர் பழுதுக்கான வேலை கணக்குப் பிரிவில் ஒருவரிடம் மூன்று நாள் கிடந்தது. மெக்கானிக்குக்குத் தகவலே போகவில்லை. 400 வந்தால் நமக்குத் தெரிந்துவிடும். இது தெரியாது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். பதிவைச் சேர்க்கும் முன் ஒவ்வொரு முறையும் அந்த சைட்டிலேயே ‘என்ஷ்யூர் யூசர்’ அழைப்பில் மின்னஞ்சலைக் கொடுத்து, அது தரும் எண்ணை வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: இரவு ஷிஃப்ட்டில் நள்ளிரவுக்குப் பின் சேரும் பதிவுகளில் மட்டும் தேதி ஒரு நாள் பின்னால் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு மேல் எல்லாம் சரி. ஏன்?
– வாசகர், ஓசூர்

பதில்: பவர் ஆட்டோமேட்டின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட 5.30 மணி முந்தியது. இங்கே விடியற்காலை 3 மணி என்றால் அதற்கு முந்தைய நாள் இரவு 9.30. நீங்கள் ‘யுடிசி நவ்’விலிருந்து (இப்போதைய கிரீன்விச் நேரத்தைத் தருவது) தேதியை மட்டும் வெட்டி எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெட்டுவதற்கு முன் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள், ‘கன்வர்ட் டைம் ஸோன்’ ஆக்‌ஷனே போதும். சைட்டின் ரீஜனல் செட்டிங்ஸையும் ஒரு முறை திறந்து பாருங்கள். அமெரிக்க பசிபிக் நேரத்தில் விடப்பட்ட சைட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் பகலில் போட்ட தேதியும் பின்னால் போகும்.

கேள்வி: ஷேர்பாயிண்ட் டிசைனர் என்ற பழைய மென்பொருளில் செய்த வொர்க்ஃப்ளோ (தானாக நடக்கும் வேலை வரிசை) ஒன்று இதே மாதிரி வெப் சர்வீஸ் அழைத்துப் பதிவு சேர்த்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் 2013 வகை வொர்க்ஃப்ளோக்களுக்கு மைக்ரோசாஃப்ட் குறித்த கடைசி நாள் 2026 ஏப்ரல் 2. ஆகவே ஃப்ளோவைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். ஆனால் டிக்‌ஷனரியில் நீங்கள் எழுதிவைத்த ஃபீல்டு பெயர்களும் மதிப்புகளும் வீணாகாது. அவற்றை அப்படியே பாடியில் ஜேசானாக (பெயரையும் மதிப்பையும் ஜோடியாக எழுதும் வடிவம்) எழுதுங்கள், அழைப்பின் முகவரியும் அதேதான். டிசைனரைத் திறக்க முடிகிறபோதே அந்த டிக்‌ஷனரிகளை ஒரு நோட்பேடில் பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.