துருப்பிடிக்காது என்று விற்ற விண்கல்

கேள்வி: செய்ம்சான் பல்லசைட் என்ற கல்-இரும்பு விண்கல்லின் துண்டு ஒன்றை, என் சேகரிப்புக்காக பெங்களூரு வியாபாரியிடம் ஆன்லைனில் 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். 'பதப்படுத்தியது, துருப்பிடிக்காது' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். ஐப்பசி மழை முடிவதற்குள் மஞ்சள் படிகங்களைச் சுற்றித் துரு கசிகிறது. ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவியும் பார்த்தேன். "உங்க ஊர் ஈரத்துக்கு நான் பொறுப்பா?" என்கிறார். வழக்குப் போட பெங்களூருக்குத்தான் போக வேண்டுமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். திருநெல்வேலி நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு கெடு உண்டு. மறுவிற்பனைக்கு வாங்கியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்.

வழக்கு நிற்பது 'துருப்பிடிக்காது' என்ற சொல்லில்தான். பல்லசைட்டில் நிக்கல் கலந்த இரும்புக்குள் ஒலிவின் என்ற மஞ்சள் கனிமப் படிகங்கள் பதிந்திருக்கும். மண்ணில் கிடந்தபோது உள்ளே புகுந்த குளோரைடு, ஈரம் பட்டதும் இரும்பை அரிக்கும்; படிக விளிம்புகளில் அது சீக்கிரம் தெரியும். இது கல்லின் சுபாவம். சும்மா விண்கல் என்று விற்றிருந்தால் துருவைக் குறைபாடு என்று வாதாடுவது கஷ்டம். உத்தரவாதம் தந்து விற்றதால்தான் மாட்டிக்கொண்டார். அவர் விளம்பரத்தை அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் வேண்டும். மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் இணைக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீர் விஷயத்தை எதிர்த்தரப்பு கெட்டியாகப் பிடிக்கும். அந்தத் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. மறைக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் மானம் போகும். பார்சலில் பராமரிப்புக் குறிப்பு எதுவும் வைத்தாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவே உங்கள் பதில்.

இனி துணி, பிரஷ் எதையும் தொடாதீர்கள். அந்தத் துருதான் சாட்சி. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பிறகு கையுறை போட்டு, காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளோடு மூடி வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் மாற்றிவிடுங்கள். அரிப்பும் மட்டுப்படும், சாட்சியும் அழியாது. தேவைப்பட்டால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும்.

(ராதாபுரம் செம்மணல் தேரியில் கண்டெடுத்த கல்லென்றால் கதையே வேறு: இந்திய மண்ணில் விழுந்த விண்கற்களுக்குப் பொறுப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை.)

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குமுன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பணமா, கல்லா? கல்லை வைத்துக்கொண்டு முழு விலையையும் கேட்டால் ஆணையம் ஒப்புவது சந்தேகம்.