கேமரா கேள்வி பதில்: 95 சதவீதம்னா எதுல 95?

எங்க அபார்ட்மென்ட்டுக்கு ஆள் டிராக் பண்ற ஏஐ கேமரா போடலாம்னு இருக்கோம். வந்த கம்பெனிக்காரர் "95 பர்சன்ட் அக்யூரசி சார்"ங்கிறார். நம்பலாமா?
– வாசகர், திருப்பூர்

எதுல 95ன்னு முதல்ல கேளுங்க, பாதி பேர் அங்கேயே முழிப்பாங்க. ஆளைக் கண்டுபிடிக்கிறது ஒரு வேலை, கண்டுபிடிச்ச ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்து கடைசி வரைக்கும் அதே நம்பரோட வச்சிருக்கிறது வேற வேலை. ரெண்டையும் ஒரே மார்க்ல போட்டா தப்பு உள்ள போய் ஒளிஞ்சுக்கும்.

இந்தத் துறையில ரொம்ப நாளா ஓடுற மார்க் மோட்டா. விட்டுப்போன ஆள், இல்லாத இடத்துல ஆள் இருக்குன்னு சொன்னது, நம்பர் மாறிப்போனது, இந்த மூணு தப்பையும் கூட்டி, வீடியோல பிரேம் பிரேமா (பிரேம்னா வீடியோவுல ஓடுற ஒவ்வொரு தனிப்படம்) எண்ணினா நிஜமா எத்தனை தடவை ஆள் இருந்தாங்களோ அதால வகுத்து, 1ல இருந்து கழிச்சா அதான் மோட்டா. தப்பு ரொம்ப அதிகமானா மைனஸ்ல கூட போகும்.

இப்ப ஒரு கணக்கு பாருங்க. உங்க கேட்ல ரெண்டு பேர் நடக்கிறாங்க, ஒவ்வொருத்தரும் 500 பிரேம், ஆக மொத்தம் 1000. சிஸ்டம் ஒரு பிரேம்ல கூட ஆளை விடல, ஆனா சரியா பாதியில ரெண்டு பேரும் தூணுக்குப் பின்னாடி கிராஸ் பண்ணி வெளிய வரும்போது இவர் நம்பர் அவருக்கும் அவர் நம்பர் இவருக்கும் போயிடுச்சு. தப்பு மொத்தம் 2 தான், அதனால மோட்டா 99.8 வரும். கம்பெனிக்காரர் காலர தூக்கி விட்டுக்குவார். ஆனா அடுத்த 250 பிரேம் பூரா நீங்க துரத்துறது வேற ஆளை! இதே வீடியோவுக்கு ஒரே ஆளுக்கு ஒரே நம்பர் எவ்வளவு தூரம் நிக்குதுன்னு பார்க்கிற ஐடிஎஃப்1னு 2016ல வந்த மார்க் போட்டா வெறும் 50, கண்டுபிடிக்கிறதையும் நம்பரையும் சம அளவுல பார்க்கிற, 2020ல வந்த ஹோட்டால சுமார் 58. அதனால மூணையும் கேட்டு வாங்குங்க, "அதெல்லாம் எதுக்கு சார்"னு இழுத்தா வேற கம்பெனி பாருங்க.

டெமோ வீடியோல சூப்பரா ஓடுது, எங்க கடை வாசல்ல வச்சா சொதப்புது. ஏன்?
– வாசகி, மதுரை

டெமோவுக்கு அவங்களே எடுத்து வச்ச வீடியோதானே மேடம், சூப்பரா ஓடாம என்ன செய்யும். இது ஆராய்ச்சிக்காரங்களுக்கும் உள்ள வியாதிதான். பெட்ஸ்னு ஆள் டிராக் பண்றதுக்கான ஒரு வொர்க்‌ஷாப் 2000ல ஆரம்பிச்சது, எல்லாரும் ஒரே வீடியோல சோதிச்சாத்தான் யாரோடது ஒசத்தின்னு தெரியும்ங்கிறதுதான் ஐடியா, நல்ல ஐடியாதான். 2009ல இங்கிலாந்து ரெடிங் யுனிவர்சிட்டி கேம்பஸ்ல எடுத்ததுல ஒரு வீடியோ ரொம்ப பேமஸ். 795 பிரேம், பட்டப்பகல், உயரத்துல கேமரா, கொஞ்சம் பேர் அங்கயும் இங்கயும் நடக்கிறாங்க, நடுவுல ஒரு கம்பம் மட்டும் மறைக்கும். வருஷக்கணக்கா எல்லாரும் அதுலயே ஓட்டி ஓட்டி, அந்தக் கம்பத்தைத் தாண்டுறதுக்குன்னே டியூன் பண்ணின மாதிரி ஆயிடுச்சு. பழைய கொஸ்டின் பேப்பரை மனப்பாடம் பண்ணிட்டுப் போற பையன் கதைதான். அப்புறம் 2020ல வந்த மோட்20ங்கிற சோதனை வீடியோக்கள்ல ஒரு பிரேமுக்கு சராசரியா 246 பேர் வரைக்கும் இருந்தாங்க, உங்க கடை வாசல் தீபாவளி சமயத்துல அதுக்குக் கிட்டத்தான் வரும்.

செய்ய வேண்டியது இதுதான். சாயங்காலம் வண்டி லைட் அடிக்கிற நேரத்துல உங்க வாசல்லயே கொஞ்ச நேரம் ரெக்கார்ட் பண்ணி, யார் யார் எங்க போனாங்கன்னு நீங்களே பிரேம் பிரேமா குறிச்சு வைங்க, போரான வேலைதான், வேற வழியில்ல. அதை கம்பெனிக்காரங்ககிட்ட முன்கூட்டியே காட்டாம, அவங்க சிஸ்டத்தை அதுல ஓட்டவிட்டு உங்க குறிப்போட ஒப்பிட்டுப் பாருங்க.

கல்லூரி புராஜெக்ட்டுக்கு டியூக் டேட்டாசெட் எடுக்கலாமா?
– மாணவர், கோவை

வேண்டாம் தம்பி. 2014ல அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டி கேம்பஸ்ல 8 கேமரா வச்சு நடந்துபோனவங்களை எடுத்தது அது, ஒழுங்கா சம்மதம் வாங்கலன்னு பிரச்சினை வந்து 2019ல எடுத்தவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. நெட்ல காப்பி சுத்திக்கிட்டுத்தான் இருக்கு, அதுக்காக எடுக்கணும்னு இல்ல. மோட்20க்கு முன்னாடி வந்த அதே மாதிரி சோதனை வீடியோ தொகுப்பு மோட்17, அது போதும் உங்களுக்கு.

போலீஸ் முகத்தை வச்சு ஆளைப் பிடிக்கிறாங்களே, அதுல தப்பு வருமா?
– வாசகர், சேலம்

வரும், எக்கச்சக்கமா வரும். 2017 ஜூன்ல கார்டிஃப்ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் நடந்தப்போ சவுத் வேல்ஸ் போலீஸ் சிஸ்டம் 2,470 தடவை "இவன்தான்"னு சொல்லுச்சு, அதுல 2,297 தப்பு. கூட்டம் லட்சத்தைத் தாண்டும்போது தேடுற ஆள் அதுல விரல் விட்டு எண்ற அளவுதான் இருப்பான், அதனால ஆயிரத்துல ஒருத்தரைத் தப்பா "இவன்தான்"னு சொன்னாக்கூட தப்பான அலாரம்தான் அதிகமா அடிக்கும். அதனால எத்தனை பேரைப் பிடிச்சீங்கன்னு கேட்கிறதோட விடாம, ஒரு ஆளைப் பிடிக்க எத்தனை பேரை சும்மா நிறுத்தினீங்கன்னும் கேளுங்க.