பழைய கேசட்டின் வருடத்தை நிலா காட்டிக்கொடுக்கும்

கேள்வி: அமெரிக்காவில் இருந்தபோது அப்பா பதிவு செய்த வி.எச்.எஸ். கேசட் ஒன்றில் 'தி வெதர் சேனல்' என்ற வானிலை டி.வி. சேனல் ஓடுகிறது. லேபிள் அழிந்துவிட்டது. எந்த வருடம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். அதில் வரும் உள்ளூர் வானிலைப் பக்கம் சேனலின் அட்லாண்டா ஸ்டுடியோவில் தயாரானது அல்ல. 1982 மே 2 அன்று சேனல் தொடங்கியபோதே கேபிள் ஆபரேட்டர்களிடம் 'வெதர் ஸ்டார்' என்ற பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். படத்தோடு, திரையில் தெரியாத வரிகளில் வரும் தகவலிலிருந்து தன் ஊருக்கானதை மட்டும் அந்தப் பெட்டி பிரித்தெடுத்துத் திரையில் எழுதும்.

சுற்றிலும் ஆரஞ்சும் ஊதாவும், நடுவே நீலக் கட்டத்தில் வெள்ளை எழுத்தும் தெரிந்தால் அது 1990இல் வந்த வெதர் ஸ்டார் 4000 மாடல். தோற்றத்தை மட்டும் நம்பி வருடம் சொல்லிவிடாதீர்கள். 1998இல் எக்ஸ்எல், 2003இல் இன்டெல்லிஸ்டார் என்று புதுப் பெட்டிகள் வந்த பிறகும், சின்ன ஊர்களில் 4000 பல வருடம் ஓடியது. சில இடங்களில் 2014 வரைகூட.

முதலில் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். வி.சி.ஆரில் பாஸ் போட்டுப் போட்டுத் தேடினால், சுழலும் ஹெட் ஒரே இடத்தில் உரசி டேப் தேயும். டேப்பில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் ஓட்டவே வேண்டாம், ஹெட்டும் கெடும்.

திரையின் மேல் மூலையில் கிழமையும் தேதியும் இருக்கும், வருடம் இருக்காது. 'புதன், ஜூன் 12' என்று இருந்தால் 1991, 1996, 2002 மூன்றுக்கும் பொருந்தும். இனி 'அல்மனாக்' பக்கத்தைத் தேடுங்கள். எல்லா முறையும் அது வராது, பொறுமை வேண்டும். அதில் அடுத்து வரும் அமாவாசை, பௌர்ணமி தேதிகள் இருக்கும். ஜூன் 12க்கு அடுத்து வந்த பௌர்ணமி, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி 1991இல் 26ஆம் தேதி, 1996இல் 30, 2002இல் 24. ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால், கிழமையும் நிலாவும் சேர்ந்தால் வருடம் மாட்டிக்கொள்ளும். நிலாத் தேதி மட்டும் 19 ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அப்படியே திரும்பும்.

நம்மூர்ப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஒரு நாள் தள்ளித் தெரியலாம். மேலே சொன்ன மூன்றும் இந்திய நேரத்தில் ஜூன் 27, ஜூலை 1, ஜூன் 25.