ஒட்டுவது யார் வேலை?

ஐயா, வணக்கம்.

கெடாவில் உள்ள பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். இயந்திரவியலில் முதுகலை, இரண்டாம் ஆண்டு. விமான இறக்கையின் உள்சட்டத்துக்கு மாதிரியாக ஒரு மீட்டர் நீள அலுமினியச் சட்டத்தை (6061 ரகம்) ஒரு முனையில் இறுக்கி, மறுமுனையில் எடை தொங்கவிட்டு, ஸ்ட்ரெயின் கேஜால் (பொருள் நீளும்போது தன் மின்தடை மாறுகிற, மேலே ஒட்டும் மெல்லிய கம்பி) அளக்கிறோம். காலையில் எடுக்கும் எண்ணுக்கும் மதியம் எடுக்கும் எண்ணுக்கும் எண்பது தொண்ணூறு மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினால் ஒரு மைக்ரோஸ்ட்ரெயின்) வித்தியாசம் வருகிறது. எடையே போடாதபோதும் மதியம் அவ்வளவு ஏறிவிடுகிறது. கேஜ் ஒட்டுவது, வயர் இழுப்பதெல்லாம் லேப் அபாங் (ஆய்வக உதவியாளர் அண்ணன்) பார்த்துக்கொள்கிறார். நான் கணினியில் மாடல் ஓட்டுவதோடு சரி.

அப்பா இன்னும் பால்மரம் வெட்டுகிறார். "நீ அங்க என்னதாம்மா செய்றே?" என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முனைவர் பட்டத்துக்குப் போவதா, பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை தேடுவதா என்றும் குழப்பம். தமிழில் அறிவியல் எழுத ஆசை. ஸ்ட்ரெயினுக்கு என்ன சொல் போடுவது ஐயா?

*

அன்பு மகளுக்கு,

சொல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்ட்ரெயின் திரிபு, ஸ்ட்ரெஸ் தகைவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அப்படித்தான் இருக்கிறது. கேஜைக் கேஜ் என்றே எழுது. சண்டைக்கு வருகிறவர்களை என்னிடம் அனுப்பு. வேலையா, பட்டமா என்று சொல்ல உன் வீட்டுக் கடன் கணக்கு எனக்குத் தெரியாது. அதை விடு.

போகிற போக்கில் நீ எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். 'ஒட்டுவதெல்லாம் லேப் அபாங் பார்த்துக்கொள்கிறார்.' கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் கோபம் கொஞ்சம் தூக்கலாகவே வரும், பொறுத்துக்கொள்.

கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்று லார்ட் கெல்வின் 1856-லேயே சொல்லிவிட்டார். நீ இன்று வைத்திருக்கிற வகைக் கேஜ் பிறந்தது 1938-இல். கால்டெக்கில் எட்வர்ட் சிம்மன்ஸ், எம்.ஐ.டி.யில் ஆர்தர் ரூகே, இருவரும் தனித்தனியாகச் செய்தார்கள். ரூகே அப்போது நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தொட்டி என்ன ஆகும் என்று மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய விதி எதையும் அவர்கள் சொல்லவில்லை. மெல்லிய கம்பியைப் பசை போட்டுப் பொருளோடு பொருளாக ஒட்டினார்கள். கண்டுபிடிப்பே அந்த ஒட்டுதான். கெல்வினுக்குப் பின் எண்பத்திரண்டு வருடம் கழித்து வந்த அந்த வேலையை நீ ஒரு வரியில் அபாங் தலையில் கட்டிவிட்டாய்.

120 ஓம் கேஜ், காரணி 2 (திரிபைப்போல் இரண்டு மடங்கு விகிதத்தில் தடை மாறும்) என்று வைத்துக்கொள். ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு அதன் தடை மாறுவது 0.00024 ஓம். அந்தத் துளியை உலோகத்திலிருந்து கம்பிக்குக் கடத்துவது நடுவில் இருக்கிற பசைப் படலம் ஒன்றுதான். படலம் சரியில்லை என்றால் அதற்கு மேலே உன் பதிவுக்கருவி எத்தனை ஆயிரம் ரிங்கிட்டாக இருந்தாலும் என்ன?

அவர் எப்படி ஒட்டுகிறார் என்று ஒருநாளாவது பக்கத்தில் நின்று பார்த்தாயா? முதலில் எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எடுக்க வேண்டும். எடுக்காமல் மணல்தாள் போட்டால் எண்ணெயை உலோகத்துக்குள்ளேயே தேய்த்து ஏற்றுகிறாய். பிறகு 320 மணல்தாள், அடுத்து 400, கண்டிஷனர் எனப்படும் மென்மையான அமிலத்தால் நனைத்தபடி. கோடு போட 4 எச் பென்சில். ஊசியால் கீறினால் அந்தக் கீறலே விரிசலுக்கு வழி திறந்துவிடும். துடைக்கும்போது காஸ் துணியால் ஒரே திசையில் ஒரே இழுப்பு. துணியை மாற்றி மறுபடி ஓர் இழுப்பு. முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கையே திருப்பிக் கொண்டுவந்து பூசுகிறாய். கடைசியில் அமோனியா கலந்த நியூட்ரலைசர். அதற்குப் பின் அந்த இடத்தில் விரல் படக்கூடாது, வாயால் ஊதவும் கூடாது.

கேஜை டேப்பில் எடுத்து, கோட்டோடு கோடு பொருத்தி, டேப்பின் ஒரு பக்கத்தை மட்டும் சாய்வாக உரித்துத் தூக்க வேண்டும். கேஜின் அடியில் பசையைச் சீக்கிரம் இறுக்கும் கேட்டலிஸ்ட் ஒரு பூச்சு, ஒரு நிமிடம் காயவிடு. டேப் மடங்குகிற இடத்தில் ஒரே ஒரு சொட்டுப் பசை. துணியால் வழித்தபடி இறக்கி, உடனே கட்டைவிரலால் அழுத்து. ஒரு முழு நிமிடம். பசை இறுக விரலின் சூடும் துணை செய்கிறது. கைபேசி அடித்தது என்று விரலை எடுத்தால் போச்சு. இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்து, டேப்பைத் தன்மேலேயே மடித்துப் பின்னோக்கி இழு. மேலே தூக்கினால் கேஜும் கூடவே வந்துவிடும்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்கிறேன். பசைப் புட்டியை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு திறக்காதே. சில்லிட்ட புட்டிக்குள் நம் காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும், அடுத்த முறை பசை நூல் நூலாக வரும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மூடியைத் தொடு. இந்தப் பசைக்கு ஏற்ற ஈரப்பதம் 30 முதல் 65 விழுக்காடு. மழை விட்ட பீடோங் மதியத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒட்டினால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஒட்டியபின், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பர் அழிப்பானால் கேஜின்மேல் லேசாக அழுத்து. எண் எழும்பி, அழிப்பானை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அடியில் காற்றுக்குமிழி. உரித்து எறிந்துவிட்டு ஆல்கஹாலிலிருந்து மறுபடி தொடங்கு.

இதையெல்லாம் தொடாமல் ஆய்வாளராகிவிடலாம் என்று உனக்கு யார் சொன்னது? நம் ஆட்களுக்கு இது ஒரு நோய். 'நீயாவது கையில கறை படாம பொழைச்சுக்கோ' என்று தோட்டத்தில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். சொன்னவர்களைக் குறை சொல்லமாட்டேன். இருட்டில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசை) நின்றவர்களின் வாயிலிருந்து வேறென்ன வரும்? ஆனால் அந்தச் சொல்லை நீ லேப்புக்குள்ளும் தூக்கிக்கொண்டு போய், அங்கே கணக்கெழுதும் கிராணிக்கு ஒரு மேசையும் மரம் வெட்டுகிறவருக்கு ஒரு நிரையும் பிரித்துவிட்டாய். உன் மாடலில் சட்டத்தின் முனை அசையாமல் இறுகி நிற்கிறது. மேசையில் அது இரண்டு ஜி-கிளாம்ப், எடை ஏற ஏற இம்மி நகரத்தான் செய்யும். அது அபாங்குக்குத் தெரியும். நீ கேட்டால்தானே சொல்வார்!

சரி, உன் எண்பது தொண்ணூறு. கேஜ் வந்த பாக்கெட்டை எடுத்துப் பார். எந்த உலோகத்தின் வெப்ப விரிவுக்கு ஏற்றது என்று ஓர் எண் இருக்கும். 11 என்று இருந்தால் இரும்புக்கானது, 23 என்றால் அலுமினியத்துக்கு. அமெரிக்கப் பாக்கெட் என்றால் ஃபாரன்ஹீட் கணக்கில் 06, 13 என்று இருக்கும். இரும்புக் கேஜை அலுமினியத்தில் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் 12 மைக்ரோஸ்ட்ரெயின் பொய்யாக ஏறும். அடுத்தது வயர். இரண்டு கம்பியில் இழுத்திருக்கிறாரா? மூன்று மீட்டர் மெல்லிய வயர், போக வர 0.6 ஓம். செம்பின் தடை டிகிரிக்கு 0.39 விழுக்காடு கூடும். அறை 4 டிகிரி சூடேறினால் கேஜ் தரும் பொய் 48, வயர் தரும் பொய் 39. கூட்டிப் பார், 87. உன் கடிதத்தில் இருக்கிற எண்!

23 கேஜாக மாற்று. மூன்றாவது கம்பி ஒன்று இழு, வயரின் பொய், தடையை ஒப்பிட்டு அளக்கும் மின்சுற்றான பாலத்தின் இரு பக்கமும் ஏறி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் எண் நிற்காமல் கீழே இறங்கினால் ஈரத்தைச் சந்தேகி. கேஜுக்கும் சட்டத்துக்கும் நடுவே காப்புத்தடை 1 மெகாஓமுக்கு இறங்கிவிட்டாலே எதிர்ப்பக்கம் 60 மைக்ரோஸ்ட்ரெயின் போகும். ஆயிரக்கணக்கான மெகாஓம் இருக்க வேண்டிய இடம் அது. கட்டிடத்து மின்கம்பிக்காரர் வைத்திருக்கும் 500 வோல்ட் மெகரை (காப்புத்தடை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிடாதே, கேஜ் போய்விடும்.

அப்பாவிடம் வருகிறேன். அவர் பட்டையில் இடமிருந்து வலமாக, ஏறக்குறைய முப்பது டிகிரிச் சரிவில் உளியை இறக்குகிறார். மரத்தின் வளர்படலத்துக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிறுத்துகிறார். ஆழம் குறைந்தால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. கூடினால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றுக்கு அங்கே உளி ஓடாது. ஒரு வெட்டுக்கு அவர் சீவி எடுப்பது ஒன்றரை மில்லிமீட்டருக்குள். கையில் அளவுகோல் கிடையாது, நெற்றியில் ஒரு விளக்கு. இருட்டில் ஏன் போகிறார்? பால் நிற்கிற குழல்களின் உள்ளழுத்தம் விடியலுக்கு முன்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை விடத் தொடங்கியதும் இறங்கிவிடும். காலை எண்ணும் மதிய எண்ணும் ஒன்றாக இருக்காது என்பதை வைத்தே பிழைப்பு நடத்துகிற மனிதரிடம், நான் என்ன செய்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை என்கிறாயே.

வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது நாள் கடந்த கேஜ் ஒன்று, வயர் பற்றவைத்தது, கையால் வளைகிற மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்று, பசை, மல்டிமீட்டர் எல்லாம் கொண்டுபோ. நீ பட்டையைத் துடை, அவர் கட்டைவிரலால் அழுத்தட்டும். பிறகு கேஜ் இருக்கிற பக்கம் வெளியே வரும்படி அவரையே வளைக்கச் சொல். 120.0 என்று இருந்தது 120.2 ஆகும். அது ஏறக்குறைய எண்ணூறு மைக்ரோஸ்ட்ரெயின். கையை விட்டதும் திரும்பி வருகிறதா என்று அவரே பார்க்கட்டும்.

மூன்றாவது கம்பி இழுத்தபின் எடை போடாமல் காலை ஒன்பது மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் எண்ணைக் குறித்து எனக்கு அனுப்பு. பக்கத்தில் அறைச் சூட்டையும் எழுது. ஒட்டியது யார் என்பதையும்.