குழந்தையின் முதல் செஸ் போட்டி: வீரர், பெற்றோர், பயிற்சியாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

எட்டு வயது மகள் முதல் தடவையாக டோர்னமென்ட்டுக்குப் போகிறாள், என்ன சொல்லி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவளுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கைகுலுக்க வேண்டும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்வதானால், முதலில் வாயால் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். எதிராளி தவறு செய்தால் வாக்குவாதம் வேண்டாம். கடிகாரத்தை நிறுத்திவிட்டு, கையைத் தூக்கி ஆர்பிட்டரை (போட்டி நடுவரை) கூப்பிடலாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் கையைத் தூக்கத் தயங்கியே ஜெயிக்கும் ஆட்டத்தைக் கோட்டை விடுவார்கள். இதை மட்டும் வீட்டில் ஒத்திகை பாருங்கள்.

உங்கள் பங்குதான் கடினம். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி பார்வையாளர் ஆட்டத்தில் தலையிடக் கூடாது. தவறைக் கண்டாலும் ஆர்பிட்டரிடம் மட்டுமே சொல்லலாம். புருவத்தை உயர்த்தினால்கூட அது சைகையாகிவிடும். சிறுவர் போட்டிகள் பலவற்றில் பெற்றோரை அரங்குக்கு வெளியே நிறுத்துவது அதனால்தான். கோபப்படாதீர்கள்.

வெளியே வருகிறவளிடம் "ஜெயிச்சியா?" என்று ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், சாப்பிட வையுங்கள். அடுத்த சுற்று அன்றைக்கே இருக்கலாம்.

நகர்வுகளை எழுதிய நோட்டேஷன் தாளை வைத்துத் தோல்வியை அலசுவது பயிற்சியாளரின் வேலை. அதை மறுநாள் செய்யட்டும். எல்லார் முன்னாலும் பிள்ளையைத் திட்டுகிறவர் என்றால், எத்தனை கோப்பை வாங்கித் தந்தவரானாலும் வேறு ஆளைப் பாருங்கள்.