வேலூர் மக்களவைத் தொகுதியில் ஆளைப் பார்க்காமல் கொள்கையைப் பார்த்து ஓட்டுப் போடுவது எப்படி?

ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து ஆழமாகப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் அது பாலாறுதான். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. ஆகவே 'பாலாற்றைக் காப்போம்' என்பது மட்டும் கொள்கை ஆகாது. சாதாரணச் சுத்திகரிப்பில் கழிவுநீரில் கரைந்த உப்பு போகாது. சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வேண்டும், மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்க வேண்டும், கரண்ட் செலவு எகிறும். அதை யார் கட்டுவது, மிஞ்சும் உப்பை எங்கே வைப்பது, சின்னத் தோல்ஷாப்புகளில் வேலை பார்ப்பவர்கள் கதி என்ன? இதற்குப் பதில் இல்லாத வாக்குறுதியை நம்பவே நம்பாதீர்கள்.

அடுத்தது அதிகாரம். குடிநீரும் டவுன் பஸ்ஸும் மாநில அரசின் கையில். எம்.பி. வேட்பாளரிடம் ரயில், தேசிய நெடுஞ்சாலை, தோல் ஏற்றுமதி பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே எம்.பி.யாக இருந்தவர் என்றால் அவர் அவையில் எழுப்பிய கேள்விகள் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கின்றன.

வேட்பாளர் வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் சொத்து, வழக்கு விவரம் கிடைக்கும், கொள்கை கிடைக்காது. அதற்குக் கட்சியின் தேர்தல் அறிக்கையைப் படியுங்கள். அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் எம்.பி. பதவியே போகலாம் என்பதால், மசோதாக்களில் பெரும்பாலும் கட்சியின் முடிவுதான் எம்.பி.யின் வாக்கு.